தலைமையாசிரியை மூக்கில் மச்சம்

"எந்தக் கை என் கேமராவோட லென்ஸைக் கழட்டிச்சோ, அந்தக் கை இப்பவே மேல வரணும்!"

ஸ்டூடியோக்காரர் கூடத்தின் நடுவில் நின்று கத்தினார். ஒரு கையும் மேலே வரவில்லை. சோபாவில் கிடந்த மச்சான் தன் இரண்டு கைகளையும் தலையணைக்கு அடியில் செருகிக்கொண்டான். எதையும் ஆற அமரச் செய்கிறவன் என்பதால் வீட்டில் அவனுக்கு மின்னல் என்று பெயர்.

"ஏங்க, என்ன ஆச்சு?" மனைவி அடுப்படியிலிருந்து எட்டிப் பார்த்தாள்.

"தலைமையாசிரியை மூக்குல மச்சம் முளைச்சிருக்கு!"

முந்தாநாள் பள்ளிக்கூடத்தில் ஆசிரியர்களை நிற்கவைத்து எடுத்த குரூப் போட்டோ. அந்தம்மா படத்தை மேசைமேல் போட்டுவிட்டுக் கேட்டாராம். "ஐம்பது வருஷமா இந்த மூக்கை நான்தான் சுமக்கறேன். இதுல எப்பய்யா மச்சம் வந்துச்சு? நாளைக்குக் காலையில திரும்ப எடுத்துத் தரணும். மறுபடியும் மச்சம் வந்தா, அடுத்த வருஷம் உங்க எதிர்க்கடைக்காரர்தான்."

எதிர்க்கடைக்காரர்! நாயாய் அலைந்து, தொண்டை வற்றப் பேசிப் பிடித்த பள்ளிக்கூடம் அது.

"எல்லாப் படத்துலயும் அதே இடத்துல அதே புள்ளி. உள்ள படம் பதியற சென்சார்ல தூசி உக்காந்திருக்கு. நான் லென்ஸ் மாத்தினா கடைக்கதவைச் சாத்திட்டுத்தான் மாத்துவேன். இங்க பாரு, பெரிய லென்ஸோட மூடியைச் சின்ன லென்ஸுக்குத் தொப்பி மாதிரி கவுத்து வச்சிருக்கு. இது என் வேலையா?"

"தூசிதானே? ஊதினா போயிடாதா?"

"வாயால ஊதினா எச்சில் தெறிக்கும். அப்புறம் அந்தம்மாவுக்கு மீசையே வந்துடும்!"

சர்வீஸ் சென்டருக்குப் போன் போட்டார். நாலு நாள் ஆகும் என்றார்கள். பேரத்தில் அவர் புலி. கத்தி, கெஞ்சி, மிரட்டி ஒரே நாளுக்குக் கொண்டுவந்தார். அந்த ஒரு நாளும் கையில் இல்லை. தானே செய்யவேண்டியதுதான்.

ஜன்னலைச் சாத்தினார். ஃபேனை நிறுத்தினார். மேசையை ஈரத்துணியால் துடைத்தார். பாட்டரி முழுக்க ஏறியிருக்கிறதா என்று இரண்டு முறை பார்த்தார். பாதியில் சார்ஜ் தீர்ந்தால், துடைப்பதற்காக உள்ளே தூக்கி நிறுத்துகிற கண்ணாடி படாரென்று விழுந்து காரியத்தைக் கெடுத்துவிடும்.

லென்ஸைக் கழற்றி, கேமராவின் வாய் கீழே பார்க்கும்படி பிடித்து, ரப்பர் பம்பால் புஸ் புஸ்ஸென்று காற்றடித்தார். பிறகு தட்டையான துடைப்புக் குச்சியில் ஒரே ஒரு சொட்டு மருந்து. மூச்சைப் பிடித்துக்கொண்டு இந்த ஓரத்திலிருந்து...

"மாமா..." மின்னலின் மூக்கு விடைத்தது. "தும்மல் வருது."

"இங்க தும்மினே, கொன்னுடுவேன்! வெளிய போ!"

மின்னல் வாழ்க்கையில் முதல் தடவையாக ஓடினான்.

அந்த ஓரத்துக்கு ஒரே இழுப்பு. முடிந்தது.

இனி லென்ஸை மாட்டி, வெள்ளைச் சுவரைப் படம் எடுத்துப் பார்க்கவேண்டும். தூசி மிச்சம் இருந்தால் வெள்ளையில் காட்டிக்கொடுத்துவிடும். கூடத்துச் சுவர் முழுக்க அவர் எடுத்த படங்கள். மனைவி, மகள், மச்சான், மச்சானின் பழைய சைக்கிள்கூட. ஓர் ஓரத்தில்தான் கொஞ்சம் காலி இடம்.

"ஏங்க, அந்த இடம் வேண்டாமே."

"சும்மா இரு. அதுதான் வெள்ளையா இருக்கு."

எடுத்தார். திரையில் கறுப்பாக ஒரு புள்ளி.

பல்லைக் கடித்துக்கொண்டு புதுக் குச்சி எடுத்தார். மறுபடி ஒரு சொட்டு, மறுபடி ஒரு இழுப்பு. எடுத்துப் பார்த்தால் புள்ளி அப்படியே இருந்தது. ஆனால் இடம் மாறியிருந்தது.

"என்னடா இது, நடமாடற தூசியா இருக்கு!"

தும்மிவிட்டுத் திரும்பிய மின்னல் எட்டிப் பார்த்தான். "மாமா, அது தூசி இல்ல. ஆணி."

சுவரைப் பார்த்தார். புத்தம் புது ஆணி.

"என் சுவத்துல எவன் ஆணி அடிச்சது?"

"சொல்லிடலாம் அக்கா. இன்னொரு தடவை கத்தினா ஆணியே கழண்டு விழுந்துடும்."

மனைவி பீரோவுக்குப் பின்னாலிருந்து பிரேம் போட்ட படம் ஒன்றை உருவிக்கொண்டு வந்தாள். அதில், ஜன்னல் வெயிலில், நாற்காலியில், லேசாக வாயைப் பிளந்துகொண்டு ஸ்டூடியோக்காரர் குழந்தைபோலத் தூங்கிக்கொண்டிருந்தார்.

"இந்தச் சுவத்துல எல்லாரும் இருக்கோம். எடுத்த ஆளைத்தான் காணோம். அதான், நீங்க கத்தாத நேரமாப் பார்த்து எடுத்தோம்."

"பெரிய லென்ஸ்ல உங்க மூக்கு மட்டும்தான் மாமா விழுந்துச்சு. மாத்தித்தான் ஆகணும்னு ஆயிடுச்சு."

"ஃபேனுக்கு அடியிலயா?"

"வேர்த்துச்சு மாமா."

"பிரிண்ட் எங்க போட்டீங்க?"

"எதிர்க்கடையில."

"அவன்கிட்டயா! பேரமாவது பேசினியா?"

"உங்க வீட்டிலேருந்து வரேன்னு சொன்னேன். கேக்காமலே குறைச்சிட்டாரு."

ஸ்டூடியோக்காரருக்குச் சிரிப்பு முட்டிக்கொண்டு வந்தது. அடக்கினார். "எடுத்தது யாரு?"

அக்கா தம்பியைக் காட்டினாள். தம்பி அக்காவைக் காட்டினான்.

அவர் படத்தைக் கையில் வாங்கினார். கத்தாமல், சட்டை நுனியால் மெல்லத் துடைத்தார். அந்த வீட்டுக்கு அது புதிது. பிறகு சட்டென்று படத்தைக் கண்ணருகே கொண்டுபோனார்.

மூக்கு நுனியில் அதே மச்சம்.

"அப்பவே பார்த்தேன்," என்றாள் மனைவி. "நல்லாத்தான் இருந்துச்சு. விட்டுட்டேன்."

ஸ்டூடியோக்காரர் நாற்காலியைச் சுவரோரமாக இழுத்துப் போட்டார். தலை சீவினார். சட்டைப் பொத்தானைப் போட்டார். நிமிர்ந்து உட்கார்ந்து, காது வரைக்கும் சிரித்துக்கொண்டு, கேமராவை இருவருக்கும் பொதுவாக நீட்டினார்.

"எந்தக் கை லென்ஸைக் கழட்டிச்சுன்னு இனிமே கேக்கமாட்டேன். ஆனா, அந்தக் கை இப்பவே வந்து எனக்குத் திரும்ப எடுத்துத் தரணும். மச்சம் இல்லாம!"