கைபடாத வாட்ச்

“உள்ளே மெஷினே இல்லாத வாட்ச்சைப் பெங்களூர் ஏலத்துல வித்து, அந்தக் காசுல வீடு முழுக்க ஓடு மாத்துனவன் நான்” என்றார் சிவசங்கரன்.

கானாடுகாத்தானில் அந்தப் பெரிய வீட்டு முகப்பில் ஏலத்துக்குக் காத்திருந்த கூட்டம் மொத்தமாகத் திரும்பியது. திரும்பிய வேகத்திலேயே வேறு பக்கம் பார்த்துக்கொண்டது. வேலையிலிருந்து ஓய்வு பெற்ற சிவசங்கரன் பேச்சிலிருந்து மட்டும் ஓய்வு பெறவில்லை என்பது ஊரறிந்த செய்தி.

மெனக்கெட்டுப் பதில் சொன்னவர் உதயகுமார் ஒருவர்தான். சென்னை ஏலக் கம்பெனி அனுப்பிய மதிப்பீட்டாளர். ஒரு பழைய வாட்ச்சை லென்ஸில் பார்த்தால் அதைச் செய்தவனின் ஜாதகமே தெரிந்துவிடுமாம் அவருக்கு. வேறு யாரும் சொல்லவில்லை, அவரே சொன்னார்.

“சும்மா இருங்க சார், வேலை நடக்குதுல்ல” என்றார்.

அந்த வேலை, மீனலோசனி ஆச்சியின் வாட்ச். கல்யாணச் சீரில் அவர் அப்பா, அந்த ஊர்ப் பேச்சில் அப்பச்சி, வைத்துக் கொடுத்தது. சீர் சாமான் என்றால் கரண்டி முதல் அண்டா வரை பெயர் வெட்டுகிற ஊர் இது. வாட்ச்சை மட்டும் விட்டுவிடுவார்களா? முதுகில் ‘மீ’ என்று ஆழமாக வெட்டியிருந்தது.

ஆச்சியின் பங்கு வீட்டில் மழை பெய்தால் நனையாத இடம் குடைக்கு அடியில் மட்டும்தான். ஓடு மாற்ற இந்த வாட்ச்சைத் தவிர அவரிடம் வேறு எதுவும் மிச்சமில்லை.

உதயகுமார் அதைப் புரட்டிப் பார்த்து, துக்க வீட்டுக்கு வந்தவர் போல உச்சுக் கொட்டினார். முதுகில் எழுத்து, முகத்தில் கறை, போதாததற்கு யாரோ திறந்து எண்ணெய் வேறு விட்டிருக்கிறார்களாம்.

“கைபடாத வாட்ச்சுக்குத்தான் ஆச்சி மதிப்பு. திறந்தாலே பாதி போச்சு. இது ஏலத்துல ஏறாது.”

பாவம் பார்த்துத் தானே எடுத்துக்கொள்வதாகச் சொல்லி, ஒரு விலையும் சொன்னார். அந்த விலைக்கு ஓடு வராது. ஓடு ஏற்றி வரும் வண்டிக்கு டீசல் வேண்டுமானால் வரும்.

மணிக்கட்டில் பொன் வாட்ச் பளபளக்க, செல்போனை எடுத்து மணி பார்த்தார். ஏலப் பட்டியலை மூடப்போகிறார்கள், சீக்கிரம் முடிவு சொல்லுங்கள் என்று அவசரப்படுத்தினார். ஆச்சியின் கை தானாக நீண்டது.

“குடுத்துறாதீக ஆச்சி. என் கதையைக் கேட்டுட்டுக் குடுங்க” என்று குறுக்கே புகுந்தார் சிவசங்கரன்.

அவரும் அவர் தம்பியும் பாகம் பிரித்தபோது தூண், கதவு, ஊறுகாய் ஜாடி எல்லாம் சரிபாதி ஆனதாம். மிஞ்சியது அப்பச்சி ரங்கூனிலிருந்து கொண்டுவந்த ஒரே ஒரு வாட்ச். விட்டுக்கொடுக்க இருவருக்கும் மனசில்லை. கூடும் முள்ளும் அண்ணனுக்கு, மெஷின் தம்பிக்கு என்று பெரியவர்கள் கூடி உட்கார்ந்து தீர்த்து வைத்தார்களாம். தம்பி வீட்டுச் சாமி அறையில் அந்த மெஷின் இன்றைக்கும் ஓடுகிறதாம், மணிதான் தெரியாதாம்.

“வெறுங்கூடு காத்தாட்டம் இருந்துச்சு. கனத்துக்கு ஆத்தங்குடித் தரைக்கல்லுல ஒரு சில்லை உரசி உள்ள வச்சேன். முள்ளைப் பத்து பத்துல ஒட்டிட்டேன். விளம்பரத்துல எல்லா வாட்ச்சும் அப்படித்தான இருக்கு. ஏலத்துக்கு அனுப்புறப்ப, ‘இது என் பங்கு மட்டும்’னு எழுதித்தான் அனுப்புனேன். மிச்சப் பங்கு எங்கன்னு ஒரு ஆளும் கேக்கலை.”

எப்படிக் கேட்பார்கள்? எல்லோரும் நிபுணர்கள். அதில் ஒரு பெரிய நிபுணர் லென்ஸில் பார்த்துவிட்டுப் போய், பெயரை வெளியில் சொல்லாமல் போனிலேயே ஏலம் கேட்டு, எல்லாரையும் முந்தி எடுத்துவிட்டாராம். உள்ளே யாருடைய கையும் படவில்லை என்று அவர் அடித்துச் சொன்னதாகக் கம்பெனிக்காரர்களே சொன்னார்களாம். சத்தியமான வார்த்தை. கை படுவதற்கு உள்ளே என்ன இருந்தது?

கூட்டம் சிரித்தது. உதயகுமார் அதைவிடப் பலமாகச் சிரித்தார். நாலு வாட்ச் பார்த்த எவனும் இப்படி ஏமாறமாட்டான் என்றார்.

“அது மட்டும் நடந்திருந்தா, ஆச்சி வாட்ச்சை நானே முதல் ஐட்டமா ஏலத்துல வைக்கிறேன் சார்.”

“தாராளமா வைங்க. என் வாட்ச் முதுகுல எங்க அப்பச்சி பேரு இருக்கும். பக்கத்துல ஒத்தக்கால் மயில் ஒண்ணு இருக்கும். இன்னொரு காலை வெட்டுறதுக்குள்ள ஆசாரி சாப்பிடப் போயிட்டாரு. வாங்குன மகராசனை எங்கயாச்சும் பாத்தா விசாரிச்சுச் சொல்லுங்க தம்பி.”

உதயகுமாரின் சிரிப்பு பாதியில் நின்றது. இடது கையைப் பொத்திக்கொண்டு தூணுக்குப் பின்னால் போனார். டக்கென்று ஏதோ திறக்கும் சத்தம் கேட்டது.

ஆச்சிக்கு நம்பவும் முடியவில்லை, விடவும் மனமில்லை. “ஏண்ணே, அந்தக் கல்லு என்ன கலரு?” என்று கேட்டார்.

சிவசங்கரன் வாயைத் திறக்குமுன் தூணுக்குப் பின்னாலிருந்து உதயகுமார் வந்தார். மணிக்கட்டு வெறிச்சென்று இருந்தது. பொன் வாட்ச் முதுகு திறந்து அவர் உள்ளங்கையில் கிடந்தது. ஆச்சியின் வாட்ச்சை மறுபேச்சில்லாமல் வாங்கி, ஏல மேசையில் முதல் இடத்தில் வைத்தார்.

“பச்சைங்க, ஆச்சி.”