மூன்று முறை ஊதிய சங்கு

அணையின் மதகுகளைத் திறப்பதற்கு முன் மூன்று முறை அபாயச் சங்கு ஊதப்பட்டது என்று விசாரணைக்கு வந்த அதிகாரி அறிக்கையை வாசித்தார். மின்நிலையத்துக் கட்டுப்பாட்டு அறையில் அவருக்கு எதிரே நின்றிருந்த காத்தாயி, அந்த வரியை மறுபடி வாசிக்கச் சொன்னாள். அவள் புருஷன் மாரப்பன் அன்று காலை நடு ஆற்றில் பரிசலில் இருந்து வலையை இழுத்துக்கொண்டிருந்தான். கரையில் துணி அலசிக்கொண்டிருந்தவள் நிமிர்ந்து பார்ப்பதற்குள் வெள்ளம் அவனைப் பரிசலோடு வாரிக்கொண்டு போய்விட்டது.

“நான் கேட்ட சங்கு, அவரைப் புதைக்கத் தூக்கிட்டுப் போகையில ஊதினது ஒண்ணுதானுங்க,” என்றாள்.

“காத்து எதிர்த்து அடிச்சிருக்கும்மா. இதுல கைரேகை வெச்சிட்டுப் போ.”

“இன்னிக்குக் காத்து இல்லீங்களே. ஒருக்கா ஊதச் சொல்லுங்க, கேட்டுட்டு வெக்கிறேன்.”

“சும்மா ஊதினா கீழே சனம் பயந்துரும்.”

“பயந்து கரையேறட்டுங்க. அதுக்குத்தானே அதை வெச்சிருக்கீங்க.”

அதிகாரி அங்கிருந்த ஊழியரைப் பார்த்தார். சுவரிலிருந்த சங்கின் சிவப்புப் பொத்தானை மறைத்தாற்போல் நின்ற அந்த ஊழியர், காத்தாயி நேராக நடந்து வந்ததும் தலை குனிந்து விலகினார். அவள் பொத்தானை அழுத்தினாள். காலுக்கு அடியில் டர்பைன்கள் உறுமிக்கொண்டிருந்தன. வேறு சத்தமே இல்லை.

“கையை எடும்மா,” என்றார் அதிகாரி.

அவள் எடுக்கவில்லை. “இப்ப உங்க காதுல என்ன விழுதோ, அதை எழுதுங்க. ரேகை வெக்கிறேன்.”