நாற்பது நிமிடப் பழுது

கணினித் திரையில் வட்டம் சுற்றிக்கொண்டே இருந்தது.

"இதோ வந்துடும்" என்றார் அறிவியல் வாத்தியார்.

வந்த பாடில்லை. நான் வந்து உட்கார்ந்த நேரத்திலிருந்து ஒரே ஒரு வினாத்தாள் இறங்கிக்கொண்டிருந்தது. அதற்குள் அவர் மனைவி ஒரு வாளித் துணியை அலசிக் கொடியில் காயப்போட்டுவிட்டு வந்துவிட்டார்.

இந்தத் தெருவில் நாற்பத்தொரு வீடுகள். நாற்பதுக்கு எங்கள் கம்பெனியின் புது இன்டர்நெட் கேபிள் இழுத்தாகிவிட்டது. இந்த ஒரு வீடு மட்டும் டெலிபோன் ஆபீஸின் பழைய கம்பியை உடும்புப் பிடியாகப் பிடித்துக்கொண்டிருந்தது.

தெரு முழுவதையும் முடித்தால் வேலையை நிரந்தரமாக்குகிறேன் என்று மேனேஜர் சொல்லியிருந்தார். இந்தத் தடவை கிடைத்துவிடும் என்று நானும் வீட்டில் வாயை விட்டுவிட்டேன். அதனால்தான் மூன்றாவது சனிக்கிழமையாக இங்கே வந்து இளித்துக்கொண்டிருந்தேன்.

கண்மூடித் திறப்பதற்குள் படம் இறங்கும் என்றேன். பள்ளிக்கூட வேலையெல்லாம் நொடியில் முடியும் என்றேன். வாத்தியார் எல்லாவற்றுக்கும் தலையாட்டினார். மேஜைமேல் நான் வைத்த படிவத்தையும் பேனாவையும் மட்டும் தொடவில்லை.

பிறகு ஒரு நிமிடம் என்று எழுந்து மூலைக்குப் போனார். எனக்கு முதுகைக் காட்டிக் குனிந்தார். பீரோக் கண்ணாடியில் எல்லாம் தெரிந்தது. மோடத்துக்குப் போகிற வயரைப் பிடித்து, சத்தமில்லாமல் உருவிவிட்டார்.

திரும்பி வந்து, முகத்தைத் தொங்கப்போட்டுக்கொண்டு, செல்போனில் புகார் சொன்னார். லைன் போய்விட்டதாம்.

சரியான ஊமைக்குசும்பு என்று நினைத்துக்கொண்டேன். என்னைக் கிளப்புவதற்கு இந்த நாடகம். இருக்கிற லைனையும் கெடுத்துக்கொண்டு என்னிடமிருந்து தப்பிக்கப் பார்த்த ஆளை அன்றைக்குத்தான் முதல்முதலாகப் பார்த்தேன்.

டெலிபோன் ஆபீஸில் புகார் சொன்னால் ஆள் வர மூன்று நாளாகும். அது ஊருக்கே தெரியும். லைன்மேன் பத்தாவது நிமிடம் வாசலில் நின்றார். தலையைப் படிய வாரியிருந்தார். சட்டையில் இஸ்திரி மடிப்புக்கூடக் கலையவில்லை.

வாத்தியார் அவரை வாங்க என்று ஒரு வார்த்தை சொல்லவில்லை. அவரும் எதிர்பார்த்ததாகத் தெரியவில்லை. நேராக மூலைக்குப் போனார்.

வயர் முழங்கால் உயரத்தில் கழன்று தொங்கியது. வீட்டுப் பூனையைக் கேட்டாலே சொல்லியிருக்கும். லைன்மேன் அதைப் பார்த்தார். பார்த்துவிட்டுத் தரையில் சம்மணம் போட்டு உட்கார்ந்து, பையிலிருந்து கருவிகளை ஒவ்வொன்றாக எடுத்து அடுக்கினார். சுவர்ப் பெட்டியின் திருகுகளைக் கழற்றினார், துடைத்தார், ஊதினார், மாட்டினார். மறுபடியும் கழற்றினார்.

வாத்தியார் எதிரே செய்தித்தாளை விரித்துப் பிடித்திருந்தார். அரை மணி நேரமாகியும் பக்கம் திரும்பவில்லை. மனைவி டீ கொண்டுவந்து வைத்தார். லைன்மேன் அதை ஆற அமரக் குடித்தார்.

என்னமாய்ப் பாவ்லா காட்டுகிறார் என்று எனக்கு எரிச்சலாக வந்தது. நாற்பதாவது நிமிடம் பொறுக்க முடியவில்லை.

"அண்ணா, அந்த வயருதான் கழண்டு கிடக்கு."

இரண்டு பேரும் ஒரே நேரத்தில் திரும்பி என்னைப் பார்த்தார்கள். நாலு பேர் நடுவில் கெட்ட வார்த்தை பேசிவிட்டவளைப் பார்க்கிற பார்வை அது.

லைன்மேன் வயரைச் செருகினார். பச்சை விளக்கு எரிந்தது. கருவிகளைப் பைக்குள் போட ஆரம்பித்தார். வாத்தியாரின் முகம் சுண்டிப்போயிற்று.

அவர் மனைவி என் கையைப் பிடித்துச் சமையலறைக்குள் இழுத்துக்கொண்டு போனார்.

"ஏம்மா, உனக்கு வாய் சும்மா இருக்காதா? அவர் என் கொழுந்தன், இவரோட சொந்தத் தம்பி. ரெண்டு பேருக்கும் பேச்சு நின்னு ஒம்பது வருஷமாச்சு. லைன் போனாத்தான் அவர் இந்த வீட்டுப் படி ஏறுறாரு. உங்க கேபிளப் போட்டுட்டா உங்க ஆளுல்ல வருவான்?"

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அழுகையும் வந்தது. நான் சும்மா இருந்திருந்தால் அந்தத் தம்பி இன்னும் எவ்வளவு நேரம் உட்கார்ந்திருப்பாரோ, நான்தான் குட்டையைக் குழப்பிவிட்டேன்.

கூடத்தில் பையின் ஜிப்பை இழுக்கும் சத்தம் கேட்டது. ஓடிவந்தேன். மேஜைமேல் கிடந்த படிவத்தை நாலாக மடித்து என் கைப்பைக்குள் திணித்தேன்.

"சார், உள் ரூம்லயும் லைன் சரியில்லன்னு சொன்னீங்களே?"

அவர் அப்படி எதுவும் சொல்லியிருக்கவில்லை.

வாத்தியார் தம்பியின் பையை ஒரு பார்வை பார்த்தார். தொண்டையைச் செருமிக்கொண்டார்.

"ஆமா, சொன்னேன்."

லைன்மேன் பையைத் தூக்கிக்கொண்டு உள் அறைக்குப் போனார். அந்தச் சுவரில் பெட்டியும் இல்லை, வயரும் இல்லை. அதன் முன்னால் சம்மணம் போட்டு உட்கார்ந்து பையைத் திறந்தார்.

வாத்தியார் செய்தித்தாளை அக்குளில் இடுக்கிக்கொண்டு, நாற்காலியையும் தூக்கிக்கொண்டு பின்னாலேயே போனார்.