மேனேஜர் அறைக் கொடி

கும்மிடிப்பூண்டியில் இரும்பு உருக்கி வார்க்கும் பவுண்டரியின் மேனேஜர் அறைக்குள் பிற்பகல் வெயில் சாய்வாக விழுகிறது. மின்விசிறிக் காற்றில் 1974ஆம் வருஷத்துக் காலண்டர் படபடக்கிறது. ஜன்னல் கம்பிகளைச் சுற்றிப் படர்ந்திருக்கும் மணி பிளாண்டின் இலைகளைக் குப்பாயி ஈரத்துணியால் ஒவ்வொன்றாகத் துடைக்கிறாள். காம்பு ஒடியாதபடி இலையை உள்ளங்கையில் தாங்கிக்கொண்டு, குழந்தையின் காதைத் துடைப்பதுபோல மெதுவாகத் துடைக்கிறாள். துணி கறுத்துப்போகிறது. பக்கத்துக் கொட்டகையில் அவள் புருஷன் திருமலை வார்ப்பு மணல் சலிக்கிறான். காலையில் அவன் துப்பிய சளியும் இந்தத் துணியின் நிறம்தான். சல்லடை இரைச்சலுக்கு நடுவே அவனுடைய இருமல் விட்டுவிட்டுக் கேட்கிறது. மேனேஜர் ஜகந்நாதன் ஃபைலிலிருந்து தலைநிமிர்ந்து கொடியைப் பார்க்கிறார். "பாவம், இந்தத் தூசியில இது எப்படி மூச்சு விடும்? நாளைக்கே ஆத்துக்கு எடுத்துண்டு போயிடறேன். கொடியைப் பிரிச்சு வை." குப்பாயியின் கை நின்றுவிடுகிறது. "சார், எங்க ஊட்டுக்காரரையும் வேற எடத்துக்கு மாத்தச் சொல்லி மூணு மாசமா கேட்டுக்கினு இருக்கேனே..." "அதெல்லாம் சட்டுனு ஆகற காரியமா? பார்க்கலாம்." அவர் குரலில் கோபமே இல்லை. மறுபடி ஃபைலில் குனிகிறார். குப்பாயி கொடியைக் கணுக் கணுவாகக் கம்பியிலிருந்து பிரிக்கிறாள். ஓர் இலை மட்டும் ஒடிந்து கையோடு வந்துவிடுகிறது. அவர் பார்த்துவிட்டாரோ என்று பதறியவள், சட்டென்று அதை இடுப்புச் சேலை மடிப்பில் ஒளித்துக்கொள்கிறாள்.