ரீவொர்க் டேபிள்

"இது இன்னா, கையா அகப்பையா?"

லைன் லீடர் மஞ்சுளா கத்திய கத்தலில் முப்பது பெண்களும் வேலையை நிறுத்திவிட்டுத் திரும்பிப் பார்த்தார்கள். காருக்குள் போகிற ஒயர்க் கட்டு ஒன்றை அவள் தூக்கிப் பிடித்திருந்தாள். அதில் சுற்றிய டேப் பிரிந்து தொங்கியது.

"யக்கா, அது நான் சுத்துனது இல்லக்கா" என்றாள் மாரிசெல்வி.

"அப்போ நானா சுத்துனேன்? போ, ரீவொர்க் டேபிள்ல போய் குந்து. நான் சொல்றவரைக்கும் லைன் பக்கம் வராத."

ஒரகடத்துப் பக்கம் இருந்த அந்தக் கம்பெனியில், லைனில் இருப்பவர்கள் ஷிஃப்ட் முழுக்க நின்றுகொண்டுதான் வேலை செய்ய வேண்டும். உட்காரக் கிடைக்கிற ஒரே இடம் ரீவொர்க் டேபிள். தப்புச் செய்தவர்கள் எல்லார் கண்ணிலும் படும்படி அங்கே ஸ்டூலில் உட்கார்ந்து, கெட்டுப்போன கட்டுகளைப் பிரித்துத் திரும்பச் சுற்ற வேண்டும். காலை மீட்டிங்கில் பெயரை வேறு வாசிப்பார்கள். பள்ளிக்கூடத்தில் பெஞ்சு மேல் ஏற்றுவார்கள், இங்கே ஸ்டூலில் இறக்குவார்கள். மானக்கேடு ஒன்றுதான்.

மாரிசெல்விக்கு மானத்தைவிடப் பெரிய பயம் ஒன்று இருந்தது. அவளுக்கு ஐந்தாம் மாதம். யாரிடமும் சொல்லவில்லை. கான்ட்ராக்ட் பெண் முழுகாமல் இருக்கிறாள் என்று தெரிந்தால் மாதக் கடைசி ரினீவல் லிஸ்ட்டில் பெயர் இருக்காது. எந்தப் புத்தகத்திலும் எழுதாத இந்தச் சட்டம் அங்கே எல்லாப் பெண்களுக்கும் மனப்பாடம். புருஷன் காசிராஜனுக்கு வேலை போய் மூன்று மாதம் ஆகிறது. இவள் வேலையும் போனால் வல்லம் வடகால் வாடகை அறையைக் காலி செய்துவிட்டு சொந்த ஊரான சங்கரன்கோவிலுக்கு பஸ் ஏற வேண்டியதுதான்.

வயிற்றை யூனிஃபார்ம் கோட்டுக்குள் மறைத்துவிட்டாள். வலியை மறைப்பதுதான் பெரும்பாடு. தொடை இரண்டும் சேருகிற இடத்து எலும்பு, ஓரடி எடுத்து வைத்தால் கழன்றுவிடும் போலிருக்கும்.

"குழந்தைக்கு இடம் விடறதுக்கு அந்த எலும்புக் கட்டெல்லாம் தளருது. சில பேருக்கு இப்படி வலிக்கும்" என்றாள் படப்பை ஆஸ்பத்திரியில் பார்த்த நர்ஸ். "ரொம்ப நேரம் நிக்காதே. தூங்கறப்ப முழங்காலுக்கு நடுவுல தலையணை வெச்சுக்கோ."

தலையணை வைத்தாயிற்று. பழைய துப்பட்டாவை இடுப்பைச் சுற்றி இறுக்கிக் கட்டியாயிற்று. நிற்காமல் இருப்பதற்குத்தான் வழியில்லாமல் இருந்தது.

ஸ்டூலில் உட்கார்ந்த பத்து நாளில் வலி பாதியாகக் குறைந்தது என்னவோ உண்மை. ஆனால் பயம் கூடியது. ரீவொர்க் போனவளுக்கு ரினீவல் கொடுப்பார்களா? போதாக்குறைக்கு மஞ்சுளா போகும்போதும் வரும்போதும், "இன்னா மகாராணி, நல்லா குந்திக்கினு கீறியா?" என்று ஊருக்கே கேட்கும்படி கேட்டாள்.

"ஏட்டி, மேல போயி சொல்லு. அவ என்ன உனக்கு மாமியாரா?" என்றான் காசிராஜன்.

போனாள். எச்.ஆர். கலைமதி மேடம் எழுந்து வந்து நாற்காலியை இழுத்துப் போட்டார். குடிக்கத் தண்ணீர் கொடுத்தார். அந்தக் கனிவைப் பார்த்ததும் மாரிசெல்விக்கு அழுகை வந்துவிட்டது.

"செய்யாத தப்புக்கு உக்கார வச்சிருக்காவ மேடம். நானே வலியோட..."

சட்டென்று நிறுத்திக்கொண்டாள்.

"என்ன வலிம்மா? எங்கிட்ட சொல்ல என்ன பயம்? நாங்க எதுக்கு இருக்கோம்?"

எல்லாவற்றையும் சொல்லிவிட்டாள். மேடம் பொறுமையாகக் கேட்டு எழுதிக்கொண்டார்.

மறுநாள் காலை மீட்டிங்கில், முப்பது பேர் முன்னால், மஞ்சுளா மன்னிப்புக் கேட்டாள். ரீவொர்க் டேபிளையே தூக்கிவிட்டார்கள். தொழிலாளர் மரியாதைக்கு அது இழுக்காம். மாரிசெல்விக்கு மட்டும் ஃபேனுக்குக் கீழே குஷன் வைத்த நாற்காலி. பெண்கள் கை தட்டினார்கள். அவளுக்குப் பெருமை தாங்கவில்லை.

சனிக்கிழமை ரினீவல் லிஸ்ட் ஒட்டினார்கள். மாரிசெல்வியின் பெயர் இல்லை.

"உடம்புதான் முக்கியம்மா. நல்லா ரெஸ்ட் எடு. டெலிவரி முடியட்டும், பார்க்கலாம்" என்றார் கலைமதி மேடம், அதே கனிவோடு.

கம்பெனி பஸ் இனி அவளுக்கு இல்லை. கேட்டுக்கு வெளியே ஷேர் ஆட்டோவில் ஏற முடியாமல் கம்பியைப் பிடித்தபடி நின்றாள். பின்னாலிருந்து ஒரு கை அவள் முழங்கையைத் தாங்கியது. மஞ்சுளா.

"மொதல்ல குந்து. அப்பால முட்டி ரெண்டையும் சேத்து வெச்சிக்கினு காலை உள்ள தூக்கு."

"ஒங்களுக்கு எப்படிக்கா தெரியும்?"

"கம்பெனி பஸ்ல நீ படி ஏறச்சொல்லவே தெரிஞ்சிபோச்சு. அந்த டேப்ப பிரிச்சி வுட்டதே நான்தான்டி. சும்மா ஒருத்திய குந்த வெச்சா ஏன்னு கேப்பாங்க. திட்டி குந்த வெச்சா எவனும் கேக்க மாட்டான்."

மாரிசெல்வி ஆட்டோ கம்பியை விட்டுவிட்டு அவள் பக்கம் திரும்பினாள்.

"உனக்கு முன்னாடி ஏழு பொண்ணுங்கள அப்டி குந்த வெச்சிகீறேன். ஏழு பேரும் என் மேல மண்ண வாரித் தூத்திக்கினே ரினீவல் வாங்கினாளுங்க."

"மன்னிச்சிருங்கக்கா. தெரியாமப் போச்சு."

"உன்ன வுடு." மஞ்சுளா கேட்டைத் திரும்பிப் பார்த்தாள். "லைன்ல இன்னும் ரெண்டு பேரு முழுகாம நின்னுக்கினு கீறாளுங்க. இனிமே அவளுங்கள நான் எங்கடி குந்த வைப்பேன்?"