ஒரு பூ, ஒரு தலை

இரண்டு காசும் தலையாகவே விழுந்தன.

"இன்னும் சாப்பிடலையாம்," என்றாள் மா, நோலனின் மாமியார்.

நோலன் மனைவியின் படத்தைப் பார்த்தான். படத்தில் தோவா சிரித்துக்கொண்டிருந்தாள். அவள் போய் இன்றோடு நாற்பத்தொன்பது நாள்.

படத்துக்கு முன்னால் சோறு, புளிப்பு மீன் குழம்பு, முட்டை போட்ட பன்றிக்கறி. கிண்ணத்தின் மேல் படுக்கையாக, சாப்பிடுகிற குச்சிகள் ஒரு ஜோடி. ஊதுபத்தி பாதி எரிந்திருந்தது.

இந்த வீட்டில் செத்தவர்களைக் கேட்காமல் படையலை எடுப்பதில்லை. தட்டில் இரண்டு காசுகளைச் சுண்டிப் போட வேண்டும். ஒரு பூ, ஒரு தலை விழுந்தால் சாப்பிட்டாயிற்று. மூன்று முறை கேட்கலாம். அதற்கு மேல் கேட்கக் கூடாது.

நாற்பத்தொன்பதாம் நாளோடு தோவாவின் ஆவி இந்த வீட்டை விட்டுப் போகிறது. வயிறு நிறையாவிட்டால் பசியோடுதான் போக வேண்டும்.

மா சமையலறைக்குப் போய், தொட்டுக்கொள்கிற உப்பு மீன் சாற்றில் மிளகாய் நறுக்கிப் போட்டுக் கொண்டுவந்து வைத்தாள். தோவாவுக்குக் காரம் இல்லாமல் இறங்காது.

"உசுரோட இருந்தப்பவும் இப்படித்தான்," என்றார் கியெம் மாமா. தோவாவின் தாய்மாமன். "பத்து தடவை கூப்பிட்டாலும் வரமாட்டா. வந்து உக்காந்தா எந்திரிக்க மாட்டா."

மா முறைத்தாள்.

"இல்லக்கா, அமெரிக்கக் காசுக்கு நம்ம பேச்சு புரியலையோ என்னமோ," என்றார் அவர். சொல்லிவிட்டுக் கண்ணைத் துடைத்துக்கொண்டார்.

நோலனின் ஊர் ஒஹையோ. அடக்கம் முடிந்த மறுவாரமே அவனுடைய அக்கா வந்து தோவாவின் துணிகளைப் பைகளில் கட்டி, தானத்துக்கு அனுப்பிவிட்டாள். நல்ல மனதோடுதான் செய்தாள். அதன் பிறகு அங்கிருந்து போன் வந்தால் யாரும் தோவாவின் பெயரை எடுப்பதில்லை. அவனுக்கு வலிக்குமாம்.

ஹூஸ்டனில், மாமியார் வீட்டில், அந்தப் பெயரை வேளை தவறாமல் கூப்பிட்டார்கள். சாப்பிட வா என்று.

அதனால்தான் அவன் இங்கேயே தங்கிவிட்டான்.

மா இரண்டாம் முறை காசுகளைப் போட்டாள்.

இரண்டும் பூ.

நோலன் பள்ளிக்கூடத்தில் கணக்கு வாத்தியார். இரண்டு காசுகள் ஒரே பக்கம் விழுவது பாதிக்குப் பாதி. இரண்டு முறை தொடர்ந்து அப்படி விழுவது நாலில் ஒன்று. இதில் அதிசயம் எதுவும் இல்லை. வகுப்பில் எத்தனையோ தடவை சொல்லிக்கொடுத்திருக்கிறான்.

இருந்தாலும் குனிந்து காசுகளை இன்னொரு தடவை பார்த்தான்.

மா படத்துக்கு நேராக உட்கார்ந்தாள். துக்கத்துக்காகத் தலையில் கட்டியிருந்த வெள்ளைத் துணி நழுவி நெற்றிக்கு வந்திருந்தது.

"என்னடி குறை?" என்றாள். "என்னத்த வைக்காம விட்டேன்? சொல்லித் தொலையேன்."

தோவா செத்த அன்று ஆஸ்பத்திரித் தாழ்வாரத்திலும் இதே குரலில்தான் கேட்டாள். அன்று டாக்டர் நோலனை மட்டும் ஒரு அறைக்குள் அழைத்துக் கதவைச் சாத்தினார். புருஷனிடம் மட்டும்தான் சொல்ல முடியும் என்றார். அதுதான் அங்கே சட்டம். பெற்றவள் கதவுக்கு வெளியே நின்றாள்.

அவன் வெளியே வந்ததும் மா அவன் சட்டையைப் பிடித்துக்கொண்டாள். டாக்டர் என்ன சொன்னார் என்று கேட்டாள்.

ஒண்ணுமில்ல மா, என்றான்.

நாற்பத்தொன்பது நாளாக அந்த ஒண்ணுமில்லையோடுதான் அவன் இந்த வீட்டில் சாப்பிட்டான், தூங்கினான்.

மா காசுகளை எடுத்து அவன் உள்ளங்கையில் வைத்தாள். அவள் விரல்களில் மீன் சாறு மணந்தது.

"கடைசித் தடவை. நீ கேளுப்பா. புருஷன் கேட்டா சொல்லுவா."

நோலன் காசுகளைத் தட்டில் போடவில்லை. எழுந்து சமையலறைக்குப் போனான்.

திரும்பி வந்தபோது கையில் ஒரு கிண்ணம் இருந்தது. மீன் சாறு ஊற்றுகிற, உள்ளங்கையில் அடங்குகிற கிண்ணம். அதில் ஒரே ஒரு கரண்டி சோறு.

அதைத் தோவாவின் கிண்ணத்துக்குப் பக்கத்தில் வைத்தான். ஒட்டி வைத்தான்.

"அது யாருக்கு மாப்ளே?" என்று கேட்டார் கியெம் மாமா.

மா கிண்ணத்தைப் பார்த்தாள். பிறகு அவனைப் பார்த்தாள்.

"எத்தனை மாசம்?"

"பதினோரு வாரம்," என்றான். "தெரிஞ்ச அன்னைக்கே அவ உங்களுக்குப் போன் போடணும்னு நின்னா. பன்னிரண்டு முடியட்டும்னு நான்தான் தடுத்தேன். எங்க பக்கம் அதுவரைக்கும் யார்கிட்டயும் சொல்ல மாட்டாங்க மா."

மா அந்தக் கிண்ணத்தைக் கையில் எடுத்தாள். தூக்கி எறியப்போகிறாள் என்று நினைத்தான். எறியட்டும் என்றும் நினைத்தான்.

அவள் மீன் குழம்பை ஒதுக்கிவிட்டு, சமையலறையிலிருந்து வெறும் கஞ்சித் தண்ணீரைக் கொண்டுவந்து ஒரு கரண்டி ஊற்றினாள். கரண்டியின் பின்பக்கத்தால் சோற்றை நசுக்கினாள். ஒரு பருக்கைகூட முழுசாக இல்லாமல் குழைகிறவரை நசுக்கினாள். வாயால் ஊதினாள். மணிக்கட்டின் உள்பக்கத்தில் ஒரு சொட்டு விட்டுச் சூடு பார்த்தாள்.

பிறகு கிண்ணத்தை எடுத்த இடத்திலேயே வைத்தாள்.

"இப்பக் கேளு," என்றாள். "ரெண்டு பேரையும் கேளு."