சிங்கம் போய் நண்டு வந்தது

"நண்டா? இன்னா மேடம், எங்க சட்டையில நண்டா?"

ஜெனிஃபர் புது ஜெர்சியைப் பிரித்த வேகத்தில் பிளாஸ்டிக் பை கிழிந்தது. நெஞ்சுக்கு நேரே சிவப்பு நூலில் ஒரு நண்டு, இரண்டு கொடுக்கையும் தூக்கிக்கொண்டு நின்றது.

செங்கல்பட்டுப் பக்கத்துக் கல்லூரி அது. பெண்கள் கபடி அணிக்குப் பதினோரு வருஷமாக 'லயன்ஸ்' என்றுதான் பெயர். கல்லூரியைக் கட்டிய மிராசுதார் குடும்பத்துக்குச் சிங்கம்தான் சின்னம். வாசல் வளைவிலும் சிங்கம், ஃபீஸ் ரசீதிலும் சிங்கம். அந்தச் சிங்கத்தை, வேலைக்குச் சேர்ந்து ஆறே மாதமான உடற்கல்வி ஆசிரியை அமிர்தவல்லி தூக்கிக் கடாசிவிட்டார்.

"இனிமே நம்ம டீம் பேரு 'நண்டுகள்'. பிடிக்காதவங்க வெளிய உட்காரலாம்."

அவ்வளவுதான். ஸ்கூட்டியைக் கிளப்பிக்கொண்டு போய்விட்டார்.

"ஆபீசருங்க டவுன்ஷிப்ல வளந்தவங்க இல்ல? நம்மளப் பாத்தா நண்டு மாரிதான் தெரியும்," என்றாள் கூட ஆடும் ஷபானா.

கேப்டன் ஜெனிஃபர் கிழிந்த பையைக் கசக்கி எறிந்தாள். போன வருஷம் மெட்ராஸ் காலேஜ் பெண்கள், "வரப்புல நண்டு புடிக்கறவளுங்களுக்குக் கபடி ஒரு கேடா?" என்று கத்தியதை, மேடம் வேலைக்கு வந்த புதிதில் அவள் அழுதுகொண்டே இவரிடம்தான் சொல்லியிருந்தாள். அதையே சட்டையில் தைத்துக்கொண்டு வந்தால்?

வீட்டுக்குப் போனதும் ஜெர்சியை வாசல் மண்ணில் விட்டெறிந்தாள். மறுநாள் பார்த்தால் அது துவைத்து, இஸ்திரி போட்டு, டிரங்குப் பெட்டிமேல் உட்கார்ந்திருந்தது. அம்மா பொன்னிக்கு மாமல்லபுரத்து ஓட்டல் ஒன்றில் துணி வெளுக்கிற வேலை. ஊரார் படுக்கை விரிப்பையெல்லாம் துவைக்கிறவள், மகளுடைய சிங்கச் சட்டையை மட்டும் மூன்று வருஷத்தில் ஒரு நாள்கூடத் தொட்டதில்லை. ஒரு மேட்சுக்கும் வந்ததில்லை.

"இத மட்டும் இன்னாத்துக்குத் தோச்ச?"

"மண்ணா இருந்திச்சி, தோச்சேன்," என்றாள் பொன்னி.

பன்னிரண்டு பேரும் கையெழுத்துப் போட்ட மனு முதல்வர் ஜானகிராமன் மேஜைக்குப் போனது. ஜெனிஃபரையும் எதிரே நிற்க வைத்துக்கொண்டு அவர் கேட்டார்.

"நிர்வாகத்தைக் கேட்காம சின்னத்தை மாத்தியிருக்கீங்க. பொண்ணுங்களும் அவமானமா இருக்குங்கறாங்க. என்னம்மா காரணம்?"

"சொல்ல முடியாது சார்."

"அப்ப ஒண்ணு செய்யலாம். ஞாயித்துக்கிழமை ஃபைனல்ல ஜெயிச்சா நண்டே இருக்கட்டும், நிர்வாகத்துக்கிட்ட நான் பேசிக்கறேன். தோத்தா சிங்கம் திரும்ப வரும். நீங்க வேற வேலை பார்த்துக்கணும்."

மேடம் தலையை ஆட்டினார். ஜெனிஃபர் பக்கம் திரும்பவே இல்லை.

'திமிரப் பாரேன்' என்று நினைத்துக்கொண்டாள் அவள்.

வேண்டுமென்றே தோற்றால் மேடம் ஒழிந்தார். அந்த யோசனை ஜெனிஃபருக்கு வராமல் இல்லை. ஆனால் களத்தில் இறங்கிவிட்டால் தோற்கத் தெரியாத ஜென்மம் அது. நண்டின் மேல் பெரிய பிளாஸ்திரியாக ஒட்டி மறைத்துக்கொண்டு ஆடப் போனாள்.

எதிரே அதே மெட்ராஸ் காலேஜ். முதல் நிமிஷத்திலிருந்தே, "நண்டு! நண்டு!" என்று கேலி. புள்ளிகள் மாறி மாறி ஏறி, கடைசி ரெய்டின்போது சமமாக நின்றன.

அவர்களுடைய வைஷாலி பாடிக்கொண்டு வந்தாள். ஷபானாவைத் தொட்டுவிட்டுத் திரும்பினாள். அவள் நடுக்கோட்டைத் தொட்டால் கோப்பை அவர்களுக்கு. ஜெனிஃபர் தரையோடு தரையாகப் பாய்ந்து, அவள் கணுக்காலை இரண்டு கையாலும் கவ்விக்கொண்டாள். வைஷாலி அவளையும் சேர்த்து இழுத்தாள். மண்ணில் தேய்ந்து பிளாஸ்திரி பிய்ந்து போனது.

"வுடாதடீ! கெட்டியாப் புடி!"

கூட்டத்திலிருந்து ஒரு குரல். பழகின குரல். ஜெனிஃபருக்கு எங்கிருந்துதான் அவ்வளவு பலம் வந்ததோ! கோட்டுக்கு ஒரு சாண் முன்னால் வைஷாலிக்கு மூச்சு விட்டுப்போனது. விசில் ஊதியாயிற்று.

மைதானமே எழுந்து குதித்தது. தோளில் தூக்கியவர்களிடமிருந்து நழுவிக் கூட்டத்தை நோக்கி ஓடினாள் ஜெனிஃபர்.

"யம்மா! மூணு வருசமா கூப்ட்டுகினு கீறேன், வர்ல. இன்னிக்கு மட்டும் எப்டி வந்த?"

பொன்னி முந்தானையால் நண்டின் மேலிருந்த மண்ணைத் துடைத்தாள்.

"மிராசுதாரு களத்துல நெல்லுக் குவியல் மேல சாம்பல்ல சிங்க முத்திர குத்தி வெப்பாங்க, வேலைக்காரங்க திருடக் கூடாதுன்னு. நீ வயித்துல இருக்கசொல்ல, ஒரு நாளு காத்துல முத்திர கலைஞ்சிடுச்சி. நான்தான் நெல்லு எடுத்தேன்னு தூண்ல கட்டி வெச்சாங்க. அந்தச் சிங்கத்த நெஞ்சுல வெச்சிகினு நீ ஆடறத எப்டிடீ வந்து பாப்பேன்?"

ஜெனிஃபர் அம்மாவின் கையை இறுகப் பிடித்துக்கொண்டாள்.

"ஏன் மேட்சுக்கு வர்றதில்லன்னு உங்க மேடம் வூடு தேடி வந்து கேட்டாங்க. சொன்னேன். உங்கிட்ட மூச்சு வுடக் கூடாதுன்னு சத்தியம் வாங்கிகினேன்."

ஜெனிஃபர் திரும்பிப் பார்த்தாள். மைதானத்து ஓரத்தில் அமிர்தவல்லி மேடம் குனிந்து, காலித் தண்ணீர் பாட்டில்களைப் பொறுக்கிக்கொண்டிருந்தார். வேலையே போகும் என்றபோதும் வாயைத் திறக்காத மனுஷி! ஜெனிஃபர் மறுபடி அம்மா பக்கம் திரும்பினாள்.

"சிங்கத்த எடுத்தது சரிம்மா. அதுக்காக நண்டா வெக்கணும்?"

பொன்னி தலையை நிமிர்த்திக்கொண்டு சொன்னாள்:

"களத்த வுட்டுத் தொரத்தின அந்த வருசம், நீயும் நானும் உசுரோட இருந்தது வரப்பு நண்டத் தின்னுதான். மேடம் புலி வெக்கலாம்னாங்க. நான்தான்டீ நண்டு போடச் சொன்னேன்!"